கொட்டகையில் எங்கள் பாதி

நான் செய்தது வெறும் பொறாமையில். வேறு பெயர் வைக்க மாட்டேன்.

பாகிஸ்தானோடு சண்டை வந்தபோது எனக்கு ஒன்பது வயது. காசிமேட்டுக் கரையில் பெரியப்பாவின் வலைக் கொட்டகையை ராணுவம் எடுத்துக்கொண்டது. மணல் மூட்டை அடுக்கி, சுற்றிலும் முள்வேலி போட்டு, விமானத்தைச் சுடும் பீரங்கியை நிறுத்தினார்கள். பெரியப்பா தினமும் போய்க் கத்தினார்.

"வலையெல்லாம் எங்க சார் வெச்சிக்கிறது? என் தல மேலயா?"

தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவர் அதை இந்தியில் சொல்வார். இடம் உன்னுடையது என்று காட்டு, சண்டை முடிந்ததும் தருகிறேன் என்பார் அதிகாரி. பத்திரத்துக்கு எங்கே போவது? தாத்தாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வாயால் பிரித்ததுதான். கொட்டகை பெரியப்பாவுக்கு, படகு அப்பாவுக்கு. அப்பா படகை விற்றுவிட்டுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் எழுதிக் கொடுத்த காகிதத்தை அதிகாரி வாங்கிக்கொண்டார்.

இதற்குள் பெரியப்பா மகள் அந்தக் கரைக்கே ராணி மாதிரி ஆகிவிட்டிருந்தாள். சிப்பாய்கள் அவளுக்குப் பூரி கொடுத்தார்கள், ஜீப்பில் ஏற்றினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

"எங்க வூட்டுக்கும் வரச் சொல்லுக்கா" என்றேன்.

"உங்க வூட்ல இன்னா கீது? மூட்டப்பூச்சிய சுடவா பீரங்கி?"

நேராக அந்தத் தமிழ்ச் சிப்பாயிடம் போனேன். "கொட்டாயில பாதி எங்க அப்பாவுது" என்றேன். எனக்கும் ஒரு பூரி கிடைக்கும் என்பதைத் தவிர வேறு கணக்கு இல்லை.

மறுநாள் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பெரியப்பா சிரித்துக்கொண்டே நின்றார். "கொயந்த ஏதோ உளறிச்சி சார்." அப்பா பக்கம் திரும்பினார். "நீயே சொல்றா."

அப்பா கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பாதி என்னுதுதான் சார்."

"இன்னாடா சொல்ற?" என்றார் பெரியப்பா.

இரண்டு பேர் உரிமை கேட்கிறீர்கள், கோர்ட்டுக்குப் போய்த் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்று அதிகாரி ஃபைலை மூடினார். சண்டை இரண்டு வாரத்தில் முடிந்தது. பீரங்கி போனது, முள்வேலி போகவில்லை. யாருக்கும் பாதியும் இல்லை, முழுசும் இல்லை. பெரியப்பா சாகும்வரை ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார்.

பாதி கேட்ட அன்று அப்பா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். என்னைப் பொய்க்காரி ஆக்கக் கூடாது என்றுதான் அப்பா அப்படிச் சொன்னார் என்று நினைத்தேன். அவர் மீது எனக்கு அவ்வளவு பாசம் வந்தது. படகை விற்ற நாளிலிருந்து அந்தக் கொட்டகையைப் பார்த்து அவருக்கும் வயிறு எரிந்துகொண்டிருந்தது என்று ஒன்பது வயதில் எனக்கு எப்படித் தெரியும்?