தூரம் சொல்ல முடியாத ஒரு தூண்டில் பயணம்

பிப்ரவரி இரண்டாவது வாரம் எனக்கும் என் கணவர் சிவாவுக்கும் ஒரே நேரத்தில் நான்கு நாள் விடுப்பு கிடைத்தது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் இது அதிசயம். மலை ஏறி ஏறிச் சலித்துவிட்டது, கடலுக்குள் போய்த் தூண்டில் போடலாம் என்றார் சிவா. குமரி மாவட்டத்து மேற்குக் கடல் தை, மாசியில் அடங்கிக் கிடக்கும் என்று படித்திருந்தேன். சேலத்தில் ரயில் ஏறிவிட்டோம்.

குழப்பம் இறங்கும்போதே தொடங்கியது. கேரளம் வழியாக வரும் ரயில் அது. நாகர்கோவில் வந்துவிட்டதென்று பதறி, அதற்கு முன்பே இரணியலில் இறங்கித் தொலைத்தோம். ஆட்டோக்காரர் பேசுவது தமிழா மலையாளமா என்று ஐந்து நிமிடம் எனக்குப் பிடிபடவில்லை.

"ராஜாக்கமங்கலம் துறைக்குப் போறவிய இஞ்ச எதுக்கு எறங்குனிய?" என்று பாட்டு மாதிரி கேட்டார். எங்களுக்கே தெரியாததை அவருக்கு என்னவென்று சொல்வது? 16 கிலோமீட்டர், 400 ரூபாய்.

மறுநாள் காலை 5.40க்குக் கடலில் இருந்தோம். வள்ளக்காரர் சேவியர் அண்ணன், ஐம்பது வயதிருக்கும். வள்ளம் என்பது இங்கே இன்ஜின் மாட்டிய ஃபைபர் படகு. இரண்டு பேருக்கும் தூண்டில், இரை, லைஃப் ஜாக்கெட் எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்.

"கரையப் பாத்து இருக்காண்டாம். மொகத்தக் கடல் பக்கமா வச்சு இரிங்க. இல்லேண்ணா தலை சுத்தும்" என்றார். நான் படித்ததோ நேர்மாறு, கரையைப் பார்த்தால்தான் தலைசுற்றாது. சரி, கடல் அவருடையது என்று திரும்பி உட்கார்ந்தேன்.

"எவ்வளவு தூரம் போறோம்ணா?" என்று கேட்டேன். என் பதிவுகளைப் படிப்பவர்களுக்குத் தெரியும், டீ விலையைக்கூட விடமாட்டேன். "ரெண்டு கிலோமீட்டர்" என்றார். பத்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, "அஞ்சு இருக்கும்." மூன்றாம் முறை சிரித்துவிட்டார். "கடல்ல ஏது மக்கா கிலோமீட்டர்?"

வள்ளம் நேராகப் போனது. பிறகு இடது பக்கம் திரும்பியது. பிறகு வந்த வழியிலேயே கொஞ்சம் திரும்பி வந்ததுபோல் இருந்தது. வாங்கிய காசுக்கு நேரத்தை ஓட்டுகிறாரோ என்று சிவா காதில் கிசுகிசுத்தார். எனக்கும் அந்தச் சந்தேகம்தான், மறைப்பானேன். கடைசியில் சேவியர் அண்ணன் எழுந்து நின்று, ஒரு கண்ணைச் சுருக்கிக் கரையைப் பார்த்து, இன்ஜினை அணைத்தார். "இஞ்சதான். போடுங்க."

நாலா பக்கமும் ஒரே தண்ணீர். இதில் இங்கே என்ன விசேஷம்? ஆனால் தூண்டிலைப் போட்ட மாத்திரத்தில் சிவா ஒரு கலவா மீனை இழுத்தார். இரண்டு மணி நேரத்தில் பதினொன்று. சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்தினோம்.

கரையேறியதும் என் கைக்கடிகாரம் பதிவு செய்த பாதையைப் போனில் திறந்து, பெருமையாக அவரிடம் நீட்டினேன். "பாருங்கண்ணா, கோலம் போட்ட மாதிரி சுத்தியிருக்கோம்!"

சிரித்தபடி வாங்கியவர் முகம் மாறியது. கோடுகள் ஒரே இடத்தில் சிக்கிக் கிடந்த புள்ளியில் விரலை வைத்தார். "இதுதானா நாம நிண்ண எடம்?"

"ஆமாண்ணா."

"இத வேற ஆளு பாக்க முடியுமா?"

முடியும். நடந்தாலும் நீந்தினாலும் அந்தக் கடிகாரம் பாதையைத் தானாகவே என் இணையப் பக்கத்தில் ஏற்றிவிடும். அதற்குள் பதினேழு பேர் பார்த்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த தூண்டில் பைத்தியம் ஒருவர், "செம இடம்! அடுத்த மாசம் பெரிய போட் எடுத்துட்டு வர்றோம்" என்று எழுதியிருந்தார்.

சேவியர் அண்ணன் கோபப்படவில்லை. வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணிக்கடியில கெடக்க பாறை, அதுக்கு 'பாரு'ண்ணு பேரு. மீனு அதுலதான் கூடும். மலையும் கோயில் குருசும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு நேரா வரணும். அந்தப் பக்கமும் ரெண்டு அடையாளம் சேரணும். அந்தக் கணியம் பாத்துதான் எனக்க அப்பன் இத எட்டு வருசம் தேடிக் கண்டுபிடிச்சாரு. கூடப் பிறந்தவனுக்கே நான் சொல்லல்ல. பெரிய போட்டுக்காரன் ஒரு நாள் வந்து வாரிட்டுப் போனா, அப்புறம் எங்களுக்கு என்ன இருக்கு?"

அந்தச் சுற்றும், கடல் பக்கம் திருப்பி உட்கார வைத்ததும், மாற்றி மாற்றிச் சொன்ன தூரமும் அப்போதுதான் விளங்கின.

"அப்புறம் எங்கள ஏண்ணா அங்க கூட்டிட்டுப் போனீங்க?"

"மீனு கிடைக்காத எடத்துல கொண்டு விட்டா நீங்க ஏமாந்து போவிய இல்லியா, மக்கா."

வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கண்ணெதிரிலேயே அந்தப் பாதையை அழித்தேன். அந்தத் தூண்டில்காரரைப் போனில் கூப்பிட்டுக் கெஞ்சினேன். "சரி சரி, விடுங்க" என்றார். அந்தச் சரிக்கு என்ன அர்த்தமென்று இன்றுவரை புரியவில்லை. மறுநாள் வட்டக்கோட்டை போனோம். மதில் மேல் நின்று கடலைப் பார்த்தேன், எதுவும் மனதில் ஏறவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், இந்தக் கரையில் பலரும் அன்று கடலுக்குப் போவதில்லை. வாந்தி மாத்திரையை அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வள்ளத்தில் கால் வைக்கும் முன் போனிலும் கடிகாரத்திலும் இருப்பிடத்தை அணைத்துவிடுங்கள். நாங்கள் போன துறையை மட்டும் தேடாதீர்கள். இந்தப் பதிவில் ஊர்ப்பெயரும், ஆட்டோ தூரமும், அண்ணனின் பெயரும் நான் மாற்றி எழுதியவை. எண்களை நம்பி என்னைப் படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும், இந்த ஒரு முறை தெரிந்தேதான் குழப்பியிருக்கிறேன்.

சனிக்கிழமைதோறும் அவருக்குப் போன் செய்கிறேன். "பாருல வேற போட்டு ஏதும் நிக்குதாண்ணா?"

"இண்ணைக்கு வரைக்கும் இல்ல மக்கா" என்கிறார்.