ஸ்டெல்லா தந்த காற்று

1. மேற்கு பார்த்த கண்ணாடி

ஸ்டெல்லா வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஒரு தனியார் பல்கலைக்கழக வளாகம் எழும்பிக்கொண்டிருந்தது. நான்தான் டிசைன் இன்ஜினியர். நிர்வாகக் கட்டடம் என் கைவண்ணம். மெயின் ரோடு மேற்கே இருந்ததால் முகப்பு முழுக்க மேற்கே பார்த்த கண்ணாடி. தாளாளருக்குப் பிடித்திருந்தது, எனக்கு அது போதும்.

ஸ்டெல்லா ஏலாக்குறிச்சிப் பெண், அவரும் இன்ஜினியர். எதிரே லைப்ரரி கட்டும் வேலையை அவருக்குக் கொடுத்தார்கள். ஜன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் வைத்தார். சூடு இறங்காமலிருக்கக் கூரை கான்கிரீட்டுக்குள் மண்சட்டிகளைக் கவிழ்த்துப் புதைத்தார். மேலே சோலார் பேனல்.

"சார், இந்த பில்டிங் தனக்கு வேணுங்கற கரண்ட் போக மிச்சத்த மத்த பில்டிங்குக்குக் குடுக்கும்" என்றார் தாளாளரிடம்.

"குடுக்கறதுக்கு அது என்ன பசுமாடாம்மா?" என்றார் தாளாளர்.

அந்த அறையில் அதிகமாகச் சிரித்தது நான்தான். ஆனால் தாளாளர் முடிவாகச் சொல்லிவிட்டார். மிச்சக் கரண்ட் வந்தால் அடுத்து வரும் ஹாஸ்டல்களின் டிசைன் ஸ்டெல்லாவுக்கு, வராவிட்டால் எனக்கு.

2. வெள்ளிக்கிழமைப் பூச்சு

லைப்ரரி திறந்து சில வாரங்களில், சோலார் கரண்டை அளக்கும் மீட்டர் இறங்கியது. சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய புழுதி பேனலில் படிந்துவிட்டது. எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. அன்று கேன்டீனில் இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஸ்டெல்லா துப்புரவு வேலை செய்யும் சரோஜாவைக் கூப்பிட்டு, "அக்கா, தெனம் வாசல் தெளிக்கிற மாதிரி மாடியிலயும் தெளிச்சு விட்ருங்க" என்றார்.

தாளாளர் பார்க்க வந்தது வெள்ளிக்கிழமை. நானும் மாடி ஏறினேன். பேனல் முழுக்கச் சாணித் தண்ணீர்!

"என்னம்மா இது?" என்றார் தாளாளர்.

சரோஜா அசரவில்லை. "வாசத் தெளிக்கற மாதிரின்னாங்க சார். வெள்ளிக்கெழம அதுவுமா வெறுந்தண்ணிய தெளிச்சா நல்லாவா இருக்கும்?"

ஹாஸ்டல் என் மடியில் விழுந்துவிட்டதென்றே நினைத்தேன். ஸ்டெல்லாவோ சிரித்தபடி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஹோஸ் பைப்பைப் பிடித்தார். எல்லாம் கழுவி முடித்ததும், "நாளைலேர்ந்து வெறுந்தண்ணி போதும்க்கா" என்றார். அவ்வளவுதான். மீட்டர் ஏற ஆரம்பித்தது.

3. ஒரு ஒயர்

அந்தக் கோடையில் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. கண்ணாடி வழியே மேற்கு வெயில் இறங்க, தாளாளர் சட்டை நனைந்து உட்கார்ந்திருந்தார். எதிரே லைப்ரரியில் எல்லா மின்விசிறியும் சோலார் கரண்டில் ஜோராகச் சுற்றின.

"ஏம்ப்பா, அங்கேருந்து இங்க ஒரு ஒயர் இழுக்க முடியுமா?" என்று என்னையே கேட்டார்.

கேபிள் போட்டது நான்தான். ஹாஸ்டல் ஸ்டெல்லாவுக்குப் போனது. வயிறு எரிந்தது, மறைப்பானேன்!

கட்டடம் வரையப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வெயில் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள், முதலாளி எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பது அப்புறம்.

ஒயர் இழுத்த மறுநாள் ஸ்டெல்லா நிர்வாகக் கட்டடத்தில் என் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"சார், ஃபேன்ல காத்து வருதுங்களா?"

"ஏதோ வருது" என்றேன்.

நல்ல காற்று. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.