ஒடில் தன்னைப் பற்றிப் பேசுகிறாள்

முதலில் பின்னால் திரும்பிப் பார்ப்பாள். யாருமில்லை என்று உறுதியான பிறகுதான் ஒடில் போனை முகத்துக்கு நேரே உயர்த்துவாள். சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் எங்கள் மணிக்கூட்டுத் தொழிற்சாலையின் மத்தியான இடைவேளை அது. நாங்கள் சாப்பிட உட்காரும்போது அவள் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று தன் வாழ்க்கையைப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருப்பாள். மாலையில் அது வீடியோவாக இணையத்தில் ஏறிவிடும்.

கறுப்பினப் பெண். தாய் கமரூனிலிருந்து வந்தவர். ஒடில் பிறந்தது இதே பீலில். எழுத்தில் தொடங்கியவள்தான். தன் கதையைப் புத்தகமாக எழுதிக் கொடுத்தாள். பதிப்பாளர் அட்டையில் போட்டதோ, குடிசை வாசலில் வெறுங்காலுடன் நிற்கும் ஒரு சிறுமியை. "நான் குடிசையைப் படத்திலதான் கண்டிருக்கிறன்," என்பாள். எங்களோடு அவள் பேசும் சுவிஸ் ஜெர்மன் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகவே விழும். அந்த அட்டைக்குப் பிறகு அவள் ஒருவரையும் நம்புவதில்லை. பாராட்டினாலும், "ஏன் சொல்லுறாய்?" என்று கேட்பாள்.

என் பக்கத்து மேசையில் முள் பொருத்தும் பிரபாலினிக்கு அவள்மேல் சந்தேகம். "உவள் எங்களைப் பற்றித்தான் கதைக்கிறாள்." தனக்குப் பிரெஞ்சு தெரியாததால் மகள் ரிஷானியிடம் ஒரு வீடியோவைக் கொடுத்துக் கேட்க வைத்தாள். கேட்ட மகள் சொல்லத் தயங்கினாளாம். எப்போது சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போவாய் என்று பிரபாலினி தன்னைக் கேட்டதாகவும், பிரபாலினி இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே தான் இங்கே பிறந்துவிட்டதாகவும் ஒடில் அதில் சொல்லியிருந்தாள்.

மறுநாள் பிரபாலினி நேரே போய், "என்ர பேரை எடுத்துவிடு," என்றாள்.

ஒடில் விரலுறைகளைக் கழற்றியபடி அவளையே பார்த்தாள். "பேரை எடுக்கிறன். நீ கேட்டதை எடுக்க மாட்டன்."

பிரபாலினி மேலாளரிடம் முறையிடப் போகிறாள் என்று நினைத்தோம். ஒடிலும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். சில நாள் எங்கள் பக்கமே வரவில்லை. முறைப்பாடு ஒன்றும் போகவில்லை. வீடியோவில் பெயர் இருந்த இடம் மட்டும் ஒலியில்லாமல் கிடந்தது.

வெள்ளிக்கிழமை பிரபாலினி மரக்கறி ரோல்ஸ் கொண்டுவந்தாள். ஒன்றை ஒடிலிடம் நீட்டி, "அண்டைக்குக் கேட்டது பிழைதான்," என்றாள்.

ஒடில் ரோல்ஸை இரண்டாகப் பிய்த்தாள். முகர்ந்து பார்த்தாள். பிறகு ஒரு பாதியைப் பிரபாலினியிடமே கொடுத்து, அவள் கடித்து விழுங்கும்வரை காத்திருந்தாள்.