அலறலுக்குத் திறந்த கதவு

ஐயா, அம்மா, இதை வாசிக்கும் தாங்கள் எவராயினும் என் வணக்கம். வாடகைக்கு அறை தேடிய கதையில் இரத்தம் எதற்கு என்று தாங்கள் கேட்கக்கூடும். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

வால்பாறைக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் முப்பத்தைந்து ஆண்டுகள் தேயிலைக் கொழுந்து பறித்தவள் நான். இறந்துபோன என் தங்கையின் மகளை நானே வளர்த்தேன். அவளுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் கணிதம் படிக்க இடம் கிடைத்தது, விடுதியில் கிடைக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் அறை அமையாவிட்டால் படிப்பு இல்லை. என் கூடை அவள் முதுகுக்கு ஏறும்.

ஏழு வீடுகள் பார்த்தோம். "ஏனுங்க, நீங்க என்ன ஆளுங்க?" என்று மரியாதையாகவே கேட்டார்கள். பதில் சொன்னதும் மரியாதையாகவே கதவைச் சாத்தினார்கள். எட்டாவது, மூடிக்கிடந்த ஒரு பஞ்சாலையின் பின்புறம், ஒரே கூரையின் கீழ் பத்து அறைகள் கொண்ட லைன் வீடு. வாடகை எங்களுக்குக் கட்டுப்படியானது. வீட்டுக்கார அம்மாள் ஆள் எது என்று கேட்கவில்லை. "ஒண்டிப் புள்ளதானுங்களே, நம்மூட்டுப் புள்ளையாட்டப் பாத்துக்கறோமுங்க" என்றார்.

"பெரியம்மா, தாழ்ப்பாள் ஆடுது" என்று பெண் ஒற்றைத் திருகாணியைக் காட்டினாள்.

"நம்ம எஸ்டேட் லைன்ல எந்தத் தாழ்ப்பாள் ஒழுங்கா இருக்கு? ஒரு சத்தம் போட்டா பத்து வீடும் வந்துடாது?" என்றேன்.

அதுவே நான் செய்த பிழை. எஸ்டேட்டில் கோழிக்கூண்டருகே சிறுத்தை வந்தபோது நான் ஒரு குரல்தான் கொடுத்தேன். பத்து வீட்டாரும் விறகுக்கட்டையோடு வந்து நின்றனர். மனைவியை மிதித்த ஒருவனை அதே பத்து வீட்டார் வாசலில் இழுத்துப் போட்டு மிதித்ததும் உண்டு. சுவர் ஒன்றானால் மனிதரும் ஒன்று என்று நம்பியிருந்தேன்.

அவள் அங்கே குடியேறிய மூன்றாம் ஞாயிறு காலை, அரிசியும் பருப்புப்பொடியும் கொண்டு வந்திருந்தேன். கதவு தட்டப்பட்டது. "தொறங்க. கரண்டு மீட்டரு பாக்கோணும்."

எழுந்த என்னைப் பெண் பிடித்து நிறுத்தினாள். "திறக்காதீங்க. வீட்டுக்காரம்மா தங்கச்சி மகன். ரெண்டு தடவை இப்படித்தான் வந்து தட்டினான்."

"ஏன்டி சொல்லலை?"

"சொன்னா மலைக்குக் கூட்டிட்டுப் போயிடுவீங்களே!"

அவன் உதைத்தான். திருகாணி தெறித்துத் தாழ்ப்பாள் தரையில் விழுந்தது. உள்ளே வந்தவனிடம் சாராய நெடி அடித்தது. என்னைக் கண்டு சிரித்தான். "அட, ஆத்தாளும் இருக்கறீங்களா? சித்த வெளிய உக்காருங்க. புள்ளகிட்டப் பேசோணும்." சொல்லிக்கொண்டே அவள் சடையைக் கையில் சுற்றி இழுத்தான்.

நான் அலறினேன். பக்கத்து அறையில் ஓடிய தொலைக்காட்சியின் ஒலி கூடியது. மற்ற அறைகளில் வரிசையாகத் தாழ்ப்பாள் போடும் ஓசை கேட்டது. அவன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தத்தை என் காதாலேயே கேட்டேன். அவன் முன்கையைக் கடித்தேன். தோல் கிழிந்து இரத்தம் வாயில் நிறையும்வரை விடவில்லை. அவன் என்னைச் சுவரில் மோதினான். அதற்குள் பெண் குக்கரைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி அவன் தலையில் இறக்கினாள். இரண்டாம் அடியில் காது கிழிந்தது. மூன்றாம் அடியில் வாசற்படியில் குப்புற விழுந்தான். விழுந்தவன்மேல் அவள் மீண்டும் ஓங்கினாள். அந்த அடியும் விழுந்த பிறகே "போதும்" என்றேன். இதை மறைக்க நான் விரும்பவில்லை.

பிறகுதான் கதவுகள் திறந்தன. பக்கத்து அறைப் பெண்மணி சொன்னார்: "ஏனுங்க, இப்புடியா அடிச்சுப்போடறது? அவிய ஊட்டுப் பையனுங்க. பேசித் தீத்திருக்கலாமுல்ல?"

"நான் கத்தினது கேட்டுச்சா?"

"கேட்டுதுங்க" என்று தரையைப் பார்த்தார்.

வீட்டுக்கார அம்மாள் எங்கள் பெட்டியைச் சாக்கடையில் எறிந்தார்.

அரசு மருத்துவமனையில் மாவுக்கட்டு போட்ட பின், ஊருக்குப் போய்விடலாம் என்றேன். துப்பட்டாவில் அவன் இரத்தம் காய்ந்திருக்க, பெண் சொன்னாள்: "நீங்க போங்க. அடி வாங்கினதும் நாம, ஓடுறதும் நாமளா?"

மறுநாள், தொங்கிய கையோடு மீண்டும் வீடு தேடினேன். தண்ணீர் வருமா என்று கேட்கவில்லை. தாழ்ப்பாளைக்கூடப் பிறகுதான் பார்த்தேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "ஐயோ, கொல்றானே!" என்று முழுக்குரலில் அலறினேன். முதல் வீட்டில் ஒரு திரைச்சீலை மட்டும் அசைந்தது. இரண்டாம் வீட்டுக் காவலாளி கழுத்தைப் பிடித்துத் தள்ள, மாவுக்கட்டின்மேல் விழுந்தேன். மூன்றாம் வீட்டில், மாடியில் சப்பாத்தி சுட்டு விற்கும் அம்மாள் பூரிக்கட்டையோடு படியிறங்கி ஓடிவந்தார். அவர் பின்னாலேயே அங்குக் குடியிருக்கும் பெண்கள் இருவர். ஒருத்தி கையில் விளக்குமாறு.

"எவன்டா அவன்? எங்கடா?" என்று சுற்றிப் பார்த்தவர், "ஏனுங்க, ஆருமே இல்லியே! கிறுக்குப் புடிச்சிருக்குதா?" என்றார்.

"பொண்ணுக்கு ஒரு ரூம் வேணுங்க."

"ரூம் கேக்கற லட்சணமுங்களா இது! அடுப்புல சப்பாத்தி கருகுது, மேல வாங்க."

பெண் இப்போது அங்கிருந்துதான் கல்லூரிக்குப் போகிறாள். சென்ற வாரம் அந்தப் பஞ்சாலைத் தெரு வழியாக நடந்தேன். அதே கதவில், பெண்களுக்கு மட்டும் வாடகைக்கு என்று புதுப் பலகை தொங்குகிறது. திறந்து கிடந்த அந்தக் கதவின் தாழ்ப்பாளில் இன்னும் திருகாணி ஒன்றுதான் இருக்கிறது.

ஆகவே, அந்தப் பலகையைப் பார்த்து அறை கேட்கப் போகும் பெண்ணின் கையில் சேரும்வரை, இந்த எழுத்தைக் கிழித்துவிடாமல் பத்திரமாக வைத்திருக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.