நான் இழுத்த கேபிளும் அவர்கள் பூசிய சந்தனமும்

குற்றாலத்தில் ஏழு லாட்ஜுகளுக்கு வயரிங் செய்தவன் நான். சாரல் நாளில் சுவரைத் தொட்டால் ஈரம் கையில் ஒட்டும். ஆனாலும் அங்கே இன்றுவரை ஒருவருக்கும் ஷாக் அடித்ததில்லை. மேலகரத்தில் இரண்டு அரிசி ஆலை, ஆய்க்குடிப் பக்கம் தோப்புதோப்பாகப் பம்ப்செட், குத்துக்கல்வலசையில் புதிதாக எழும்பிய வீடுகளில் பாதி. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன், தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் அறைக்கும் கேபிள் இழுத்துக் கொடுத்தேன். படித்தவன் ஒருவனும் துணைக்கு நிற்கவில்லை.

அந்தக் கேபிளைத்தான் பிடுங்கி எறியப் பார்த்தார்கள்.

சரஸ்வதி பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, பிள்ளைகள் பாஸ்வேர்டை அடித்துவிட்டு உட்கார்ந்தே இருந்தார்களாம். உள்ளே நுழையக் கால்மணி நேரம். ஆபீஸ் பிரிண்டரும் வேலை செய்யவில்லை. நெல்லையிலிருந்து ஒரு இன்ஜினியரை வரவழைத்தார்கள். அவர் குனிந்துகூடப் பார்க்காமல் வயரிங் மேல் பழியைப் போட்டார். பள்ளிச் செயலர் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. சனிக்கிழமை எல்லாத்தையும் கழட்டிட்டுப் புதுசா இழுக்கப் போறோம். ஒங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்லா."

இந்த வட்டாரத்தில் என் வேலையை ஒருவரும் பிடுங்கியதில்லை. அன்றே போய் நின்றேன்.

கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்தேன். கீபோர்டுக்குள் முறுக்குத் துணுக்கு, மேசைக்கடியில் பல்லி எச்சம். எல்லாக் கேபிளும் வந்து சேரும் பெட்டியின் நெற்றியில் மூன்று விரல் சந்தனம். அது வழிந்து ஓட்டைகளின் ஓரத்தில் காய்ந்து கிடந்தது. இன்ஜினியர் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, இது கரண்ட் வேலை இல்ல. டேட்டா."

"இருக்கட்டும் சார். எல்லாக் கம்ப்யூட்டரையும் அணைக்கச் சொல்லுங்க, பாப்போம்."

அணைத்தார்கள். பெட்டியின் பச்சை விளக்குகள் அப்போதும் வெறிபிடித்தது போலத் துடித்தன. பேச ஆளே இல்லாத வீட்டில் இரைச்சல் ஏன்? ஒவ்வொரு கேபிளாக விரலால் தடவிக்கொண்டே போனேன். ஒரு மஞ்சள் கேபிள் பெட்டியிலிருந்து புறப்பட்டு அதே பெட்டிக்குத் திரும்பியிருந்தது. அனுப்பியதே திரும்பத் திரும்பச் சுற்றி வந்து பாதையை அடைத்துக்கொண்டிருந்தது.

"இத யாரும்மா சொருகுனது?"

கம்ப்யூட்டர் டீச்சர் தயங்கினார். "பூஜைக்கு எல்லாத்தையும் கழட்டித் தொடச்சோம் அண்ணாச்சி. பழைய பிரிண்டர் வயரு ஒரு முனை சும்மா தொங்கிச்சு. பூஜையும் அதுவுமா அப்படிக் கெடக்கக் கூடாதேன்னு காலியா இருந்த ஓட்டையில வச்சேன்."

"வயரு தொங்குனா சரஸ்வதி கோவிச்சுக்கிடுவாளாக்கும்."

ஒரு முனையைப் பிடுங்கினேன். விளக்குகள் அடங்கின. டீச்சர் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டுப் பாஸ்வேர்டை அடித்தார். நான் பத்து எண்ணுவதற்குள் உள்ளே போய்விட்டார்.

"அதத்தான் நான் அடுத்து செக் பண்ண இருந்தேன்" என்றார் இன்ஜினியர். அந்த முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை வேலை நின்றது. நானும் அத்தோடு விட்டிருப்பேன். ஆனால் பள்ளி ஆண்டுவிழா மலரில் அச்சடித்துவிட்டார்கள்: நெட்வொர்க் கோளாறு நிபுணர் ஒருவரின் உதவியால் சரிசெய்யப்பட்டதாம். செயலரிடம் கேட்டேன்.

"மலர்ல அப்படித்தான் போடுவாவ அண்ணாச்சி. நீங்க செஞ்சது எல்லாருக்கும் தெரியும்லா."

தெரிந்ததை எழுதக் கை ஏன் கூசுகிறது? பொன்னாடை வேண்டாம், மேடை வேண்டாம். கேபிளை இழுத்தவனும் நான், கோளாறைக் கண்டவனும் நான். செயலரே, அடுத்த மலரில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், என் பெயரைப் போட்டு அதை எழுதுங்கள்.