கதவுக்குக் குறுக்கே ஒரு கரும்பு

என் போனில் தினமும் காலையில் ஓர் ஆங்கில வார்த்தை வந்து விழும். அன்றைக்குள் அதை யாரிடமாவது பேசிவிட வேண்டும் என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். எங்கள் மலைக்கிராமமான வெள்ளிமலையில் யாரிடம் போய்ப் பேசுவது? அப்பாவிடமும் ஆட்டிடமும்தான்.

ஒருநாள் ‘அத்வார்ட்’ வந்தது. குறுக்கே என்று பொருள். சும்மா கடந்து போகிற குறுக்கு இல்லை, வழியை அடைத்துக்கொண்டு கிடக்கிற குறுக்கு. பழைய எழுத்தில்தான் வரும், இப்போது யாரும் பேசுவதில்லை என்றது அகராதி. சொல்லிவிட்டுப் போகட்டும்! எங்கள் வெள்ளாடு தினமும் வாசற்படியில் அத்வார்ட்டாகத்தானே படுக்கிறது? அந்த வார்த்தை எனக்கு ரொம்பவே பிடித்துவிட்டது.

அந்த வாரமே கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில டீச்சர் வேலைக்கு நேர்காணல். ஏற்கெனவே இரண்டு பள்ளிகளில், “மலையிலிருந்தா வர்றீங்க? இங்கிலீஷ் பேச வருமா?” என்று கேட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அனுப்பிவிட்டார்கள். இதுவும் போனால் திருப்பூர் பனியன் கம்பெனிதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. பி.எட். முடித்துவிட்டுப் பனியன் மடிப்பதா? நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

மலையிறங்கிக் கச்சிராயபாளையம் தாண்டியதும் பஸ் நின்றது. ஒரு கரும்பு டிராக்டர் திரும்ப முயன்று, சாலையை மொத்தமாக அடைத்துக்கொண்டு நின்றது. கரும்பு வண்டி நின்றால் எங்கள் பக்கத்தில் ஆளுக்கொன்று உருவாமல் விடமாட்டார்கள். பஸ்ஸே இறங்கிக் கரும்பு கடித்தது. நான் மட்டும் மணி பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இன்னாம்மா நின்னுக்கினே இருக்கிற? இது இப்ப நவுராது. அந்தாண்ட போயி ஷேர் ஆட்டோ புடி” என்ற கண்டக்டர், என் கையிலும் ஒரு கரும்பைத் திணித்தார். ஓடினேன்.

பள்ளியில் கரும்பைக் கதவோரம் சாத்திவிட்டு உள்ளே நுழைந்தேன். தாளாளர் கடிகாரத்தைப் பார்த்தார். “ஒய் லேட்?”

“எ டிராக்டர் லே அத்வார்ட் தி ரோட், சார்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஊருக்கு வெளியே ஒரு மனிதரிடம் அந்த வார்த்தையைப் பேசிவிட்டேன்!

“அப்படி ஒரு வார்த்தையே கெடையாதும்மா. அக்ராஸ்னு சொல்லணும்” என்று சிரித்தபடி என் ஃபைலை மூடினார்.

எனக்கு வந்ததே கோபம்! கதவோரக் கரும்பை எடுத்து வாசலுக்குக் குறுக்கே பிடித்தேன். டீயோடு வந்த அக்கா வெளியிலேயே நின்றுவிட்டார்.

“இந்த அக்கா ரூமுக்குள்ள நடந்து வந்தா அது அக்ராஸ், சார். இந்தக் கரும்பு வர வுடாம நிக்குது பாருங்க, இதான் அத்வார்ட்!”

“யம்மா, டீ ஆறுது” என்றார் அக்கா.

தாளாளர் போனை எடுத்துத் தேடினார். படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

“கரும்ப எடுங்க. மொதல்ல டீ உள்ள வரட்டும்” என்றவர், ஒரு கிளாஸை என் பக்கம் தள்ளினார். “பசங்களுக்கும் இப்படித்தான் பாடம் நடத்துவீங்களா?”

“கரும்பு கெடைச்சா, சார்.”

“திங்கக்கெழம வாங்க. கரும்பு நானே வாங்கி வெக்கிறேன்.”

பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்வரை பொறுக்கவில்லை. பள்ளி கேட் பக்கத்திலேயே நின்று அப்பாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். “அப்பா, திருப்பூர் இல்ல! வேல கெடச்சிடுச்சி! அத்வார்ட்டால கெடச்சுது!”

“அது நம்ம ஆடு படுக்குமே, அந்த வார்த்ததான?” என்றார் அப்பா. “இரு, போன வையி. அதுக்கு ரெண்டு கொப்பு தழ ஒடிச்சிப் போட்டுட்டு வரேன்.”