சைலன்சர் கேட்ட மாமனார்

துப்பாக்கிக் கடையில் நிற்பவனுக்குச் சுடத் தெரிய வேண்டியதில்லை. 'கிடையாது' என்பதை விதவிதமாகச் சொல்லத் தெரிந்தால் போதும்.

ஜவுளிக் கடையிலோ மருந்துக் கடையிலோ நின்று, இல்லாத சரக்கைக் கேட்பவரிடம் பல்லைக் காட்டியே வயிறு வளர்த்தவர்களுக்கு என் பாடு புரியும். எழுபதுகளின் கடைசியில் சேலத்தில் ஒரு துப்பாக்கிக் கடையில் விற்பனைக்கு நின்றேன். எங்களிடம் இல்லாத, இருக்கவும் கூடாத சரக்கு ஒன்று உண்டு. சைலன்சர். துப்பாக்கிச் சத்தத்தை அமுக்குகிற குழாய். ஆயுதச் சட்ட விதிகளில் அது இயந்திரத் துப்பாக்கியோடு ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறது. தனி ஆள் வீட்டில் வைத்திருந்தாலே கம்பி எண்ண வேண்டியதுதான். ஆனால் அந்த வருஷம் ஏதோ ஒரு இங்கிலீஷ் படம் சேலத்துக்கு வந்து போயிருந்தது. வருகிறவர் போகிறவர் எல்லாம் அதையே கேட்டார்கள். கடைசியில் என் கல்யாணமே அந்தக் குழாயில் போய்ச் சிக்கிக்கொண்டது. அதனால்தான் சொல்கிறேன், என்னைவிட நொந்த விற்பனையாளர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.

நாமக்கல்லில் எல்லாரும் வைத்திருக்கிறார்கள்

என் முதலாளி பயந்த மனிதர். லைசென்ஸ் புதுப்பிக்கும் மாதம் வந்தால் அவருக்குச் சோறு இறங்காது. "சைலன்சர்னு எவன் கேட்டாலும் முதல்ல சட்டத்தைச் சொல்லு. அப்புறம் தண்ணி குடு" என்று எனக்கு உத்தரவு.

ஒரு நாள் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். "சைலன்சர் இருக்குதுங்களா?" என்று கடைவீதியே கேட்கிற மாதிரி கேட்டார். நான் சட்டத்தைச் சொன்னேன். போலீஸ், கோர்ட்டு, ஜெயில், குடும்ப மானம், ஒன்றையும் விடவில்லை. மனிதர் வெளிறிப்போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மெல்லிய குரலில், "நாமக்கல்ல அல்லாரும் வச்சிருக்கறாங்களேங்க. எங்க ஓனரு மட்டுமே எட்டு வச்சிருக்கறாரு" என்றார். எட்டா! முதலாளி உள்ளேயிருந்து ஓடிவந்து கதவைச் சாத்தினார். அந்த ஓனர் யார், எட்டையும் எங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்று அதட்டினார். "ஒளிக்கறதெங்கீங்க, அல்லாம் ரோட்டுலதான் ஓடிட்டிருக்குது" என்றார் அவர். அப்போதுதான் அவர் கையில் இருந்த கிரீஸைப் பார்த்தேன். பக்கத்துக் கடை லாரி உதிரிபாகக் கடை. அங்கே ஏற வேண்டிய மனிதர் ஒரு கடை முன்னாலேயே எங்கள் படியில் ஏறிவிட்டிருந்தார்.

நாங்கள் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, அவருக்கு மட்டும் பயம் தெளியவில்லை. எழுந்து நின்று பணிவாகக் கேட்டார்: "ஏனுங்க, அப்ப இனிமே லாரியத் தள்ளிக்கிட்டுத்தான் போகோணுமுங்களா?"

மாமா கேட்ட சீர்

எனக்குப் பரமத்தி வேலூர்ப் பக்கம் பெண் பார்த்திருந்தார்கள். பெண் பெயர் தெய்வானை. பார்க்கப் போன அன்று காப்பியைக் கொடுத்துவிட்டு அவள் கேட்டது ஒரே கேள்வி: "துப்பாக்கிக் கடைன்னாங்க, காது நல்லாக் கேக்குமுங்களா?" அன்றிலிருந்து வேறு எந்தப் பெண்ணையும் நினைக்க என்னால் முடியவில்லை.

அவள் அப்பா நல்லப்பன், வாழையும் வெற்றிலையும் போட்டவர். தோட்டத்துக்கு நடுவில் வீடு. பயிர்க் காவலுக்கும் தற்காப்புக்கும் லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. ஒரு நாள் கடைக்கு வந்து என்னை ஓரமாக அழைத்தார். "சீரெல்லாம் நாங்க செய்யறமுங்க மாப்பிள்ளை. நீங்க எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யோணும். அந்தச் சத்தம் அமுக்கற குழாய் ஒண்ணு. அது வந்த அன்னிக்கே முகூர்த்தம் குறிச்சுப்போடலாம்."

சட்டத்தைச் சொன்னேன். அப்படியே கிடைத்தாலும் அவருடைய துப்பாக்கியில் பொருந்தாது என்றேன். அதையும் மீறிப் பொருந்தினாலும், தனித் தோட்டத்தில் திருடன் வந்தால் நாலு பேரைக் கூப்பிடுவதே அந்தச் சத்தம்தானே மாமா என்றேன். அங்கேதான் இருந்தது வினை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவருடைய பங்காளி சின்னப்பன் தோட்டம். வரப்பில் நின்ற ஒரு தென்னை மரத்துக்காக இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. மரம் பட்டுப்போய், விறகாகி, எரிந்தும் போயிற்று. சண்டை மட்டும் பச்சையாகவே இருந்தது. வெடிச் சத்தம் கேட்டால் முதலில் ஓடி வரக்கூடியவர் அந்தச் சின்னப்பன்தான். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "காப்பாத்துனேன் காப்பாத்துனேன்னு அவன் சந்தை பூராச் சொல்றதக் கேக்கறதுக்கு, நான் திருடன் கையால போயிடறது மேலுங்க."

முருங்கைக்காய்

சட்டப்படி நடந்தால் தெய்வானை இல்லை. தெய்வானை வேண்டுமென்றால் ஜெயில். இந்த யோசனையில் நான் இருந்தபோது ஆத்தூரிலிருந்து ஜவ்வரிசி ஆலைக்காரர் ஒருவர் வந்தார். வெளியூர் போகும்போது இடுப்பில் செருகிக்கொள்ள லைசென்ஸோடு ரிவால்வர் வைத்திருப்பவர். அவருக்கும் சைலன்சர்தான் வேண்டுமாம், படத்தில் கதாநாயகன் வைத்திருந்த மாதிரி.

எனக்கு இருந்த எரிச்சலில், இந்தத் தடவை சட்டத்தைச் சொல்லவில்லை. தோட்டா இல்லாத அவர் ரிவால்வரை வாங்கி, அவர் பையில் எட்டிப் பார்த்த முருங்கைக்காயில் ஒரு துண்டை ஒடித்து, முனையில் நூலால் கட்டிக் கொடுத்தேன். "குழாய் இவ்வளவு நீளம் இருக்கும். செருகிப் பாருங்கள்" என்றேன். செருகினார். உட்கார முடியவில்லை. "இப்போது திருடன் வந்துவிட்டான், எடுங்கள்" என்றேன். வேகமாக இழுத்தார். முருங்கைக்காய் அவர் இடுப்பிலிருந்த பச்சை பெல்ட்டில் மாட்டி, பெல்ட்டு அவிழ்ந்து, வேட்டி அதன் பின்னாலேயே வந்தது. ஆலைக்காரர் கோபக்காரர் இல்லை. வேட்டியை வாரிக்கொண்டு சொன்னார்: "திருடன் சிரிச்சிகிட்டே செத்தாத்தான் உண்டு சார், நான் சுட்டுச் சாகமாட்டான்."

நரியின் காது

மேச்சேரி ஆட்டுக்காரர் ஒருவர் தன் நாட்டுத் துப்பாக்கிக்கு வெடிமருந்து வாங்க வருவார். பட்டிக்கு நரி வந்தால் வானத்தைப் பார்த்துச் சுடுவதோடு சரி. சத்தமே வராத துப்பாக்கியும் உலகத்தில் உண்டு என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "நரிக்குக் காது இருக்கறதாலதான சாமி நமக்குத் துப்பாக்கி. சத்தம் இல்லாட்டி அது வெறுந்தடி" என்றார்.

இதைவிட நல்ல வாதம் எந்த வக்கீலுக்கும் வராது. மறுநாளே பஸ் ஏறிப் பரமத்தி வேலூர் போய், மாமாவிடம் அப்படியே ஒப்பித்தேன். திண்டாடிப்போவார் என்று நினைத்தேன். அவர் நிதானமாக வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்: "என்ற தோட்டத்துல நரி இல்லீங்க மாப்பிள்ளை. பங்காளிதான்."

ஒற்றை வெடி

அடுத்த வாரம் ஒரு பட்டப்பகலில், வீட்டுப் பெண்கள் எல்லாம் சந்தைக்குப் போயிருந்த நேரம், இரண்டு பேர் மாமாவின் கிணற்று மோட்டாரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். மாமா துப்பாக்கியோடு துரத்தினார். வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டார். போட்ட அதிர்ச்சியில் கால் வழுக்கி வாய்க்காலுக்குள் விழுந்தார். கால் முறிந்துவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை, கழுத்து மட்டத்துக்குத் தண்ணீர். சின்னப்பன் வேலையாட்களோடு அக்கரையிலிருந்து ஓடி வந்ததைப் பார்த்துத் திருடர்கள் மோட்டாரைப் போட்டுவிட்டு ஓடினார்கள். சின்னப்பன் தண்ணீரில் இறங்கி மாமாவை முதுகில் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் வந்திருக்கிறார்.

சேதி கடைக்கு வந்தது. நான் மட்டும் எங்காவது அலைந்து அந்தக் குழாயைக் கொண்டுவந்து கொடுத்திருந்தால் மாமா அந்தத் தண்ணீரிலேயே முடிந்திருப்பார். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மாமா மாவுக்கட்டோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் சின்னப்பன். கால்மாட்டில் தெய்வானை நின்றாள். மாமா சுவரிடமே கேட்டார்: "எத்தன பேருகிட்டச் சொன்ன?"

சின்னப்பன் தலையைச் சொறிந்தார். "என்னத்தச் சொல்றது? வெடி கேட்டுச்சு. கல்யாணத்த ஆரம்பிச்சு வேட்டுப் போடறீங்க, எங்களக் கூப்பிடாம உட்டுட்டீங்கன்னு நெனச்சு, சண்ட போடத்தான் ஆளுகளக் கூட்டிட்டு ஓடியாந்தேன். வந்து பாத்தா நீ தண்ணிக்குள்ள கெடக்கற."

மாமாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து கிட்டே போனோம். கட்டில் ஆடச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. அப்புறம் முதன்முறையாகத் திரும்பிப் பங்காளி முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "குழாயெல்லாம் வேண்டாமுங்க, தை மாசமே முகூர்த்தம் பாருங்க மாப்பிள்ளை. இவன இன்னொருக்கா வெடி போட்டுக் கூப்பிடறதுக்கு, எனக்கு மிச்சம் ஒரு காலுதான் இருக்குது."

அந்தக் கடையில் நான் எத்தனையோ சாமான் விற்றிருக்கிறேன். எனக்குக் குடும்பம் அமைந்தது மட்டும் விற்காத சாமானால்தான்.